அக்கா வாய்விட்டுக் கத்திய நாள்

வேதாகமப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்த இடத்தில், எங்கள் ஜெபவீட்டுப் பெண்கள் கூட்டத்தில் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். அது தவறான பிரசங்கம். அதனால் என் அக்கா சாகக் கிடந்தாள். தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. இனி எழுதப்போவது எல்லாம் அவளுடைய பெருமை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஊர் தனி, எங்கள் தெரு தனி. நடுவில் ஏரி வாய்க்கால். தெருவில் பாதி வீடு கிறிஸ்தவர்கள், பாதி வீடு மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வேலை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: கரும்போ நெல்லோ மரவள்ளியோ, எந்தக் கொல்லையில் கூப்பிட்டாலும் போவது. எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம்; அவர் கள்ளக்குறிச்சியில் இருந்தார். ஒன்பது கிராமத்து ஜெபவீடுகளை ஒரே சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தவர், அந்த மாதம் முட்டி வலியில் படுத்துவிட்டார். "நீதான் படிக்கிறியே தம்பி, பொம்பளைங்க கூட்டத்த நீ பாத்துக்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். கிடைத்த வாய்ப்பை விடுவேனா? வகுப்பில் எழுதிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிரசவ வேதனை எங்கிருந்து வந்தது என்று பேசினேன். முதல் மனுஷி விலக்கப்பட்டதைப் பறித்தாள். அதற்குத் தீர்ப்பாக வேதனை வந்தது. ஆகவே அதை முணுமுணுக்காமல் தாங்குவது கீழ்ப்படிதல். கத்தி ஆர்ப்பாட்டம் செய்வது தீர்ப்பை எதிர்ப்பது. இதில் கடைசி வரி நோட்டில் இல்லை. அது நானாகச் சேர்த்தது. சொல்லும்போது நாக்குக்கு நன்றாக இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினைந்து இருபது பெண்கள். எல்லோருமாகச் சேர்ந்து எழுபது எண்பது பிள்ளைகள் பெற்றிருப்பார்கள். எனக்கு வயது இருபத்தொன்று. பிரசவம் நடக்கும் வீட்டு வாசலில்கூட நான் நின்றதில்லை. "தம்பி நாலு பெத்தவரு மாதிரி இல்ல சொல்றாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. நான் நோட்டைத் தட்டி அமைதிப்படுத்தினேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பதாம் மாதம். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு அதற்கு முன்னால் இரண்டு பிரசவம் ஆகியிருந்தது. முதல் பிள்ளை வெளியே வந்தும் அழவில்லை. இரண்டாவது மூன்று நாள் இருந்தது, பால் குடித்தது, நான்காம் நாள் காலையில் சில்லிட்டுக் கிடந்தது. இரண்டு முறையும் பதினைந்தாம் நாளே களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் பள்ளிக்கூடத்தையும் பார்த்ததில்லை. என்னைச் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போன அன்று பார்த்ததோடு சரி. "நீயும் உக்காரும்மா" என்று வாத்தியார் சொன்னாராம். "எனக்கு நடவு இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு இருக்கும்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, மொணமொணக்காம தாங்கிகினா ஆண்டவரு புள்ளைய உசுரோட குடுப்பாராடா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "ரெண்டு தடவையும் நான் ஊரே கேக்கறாப்ல கத்தனன்டா. அதனாலதான் போச்சோ?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேதாகமப் பள்ளி தேவையில்லை. ஆனால் நான் மாலையில் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்திருந்தேனே. "கீழ்ப்படியறவங்களுக்கு அவர் நல்லதுதான்க்கா செய்வார்" என்றேன்.

"அப்ப இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டன்" என்றாள். உபவாசத்துக்கு நாள் குறிக்கிறவள் மாதிரி, அமைதியாகச் சொன்னாள். என் முதல் பிரசங்கத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள். அவ்வப்போது மறியல் நடக்கும், பஸ் நிற்கும், பிறகு ஓடும். பிரசங்கம் நடந்த மறுவாரம் வந்த மறியல் அப்படிப்பட்டது அல்ல. ஒருநாள் நடுப்பகலில் கள்ளக்குறிச்சி ரோடு நெடுகப் புளியமரங்கள் சாய்ந்தன. கோடாலிச் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. ஒரு வாரம் எதுவும் ஓடாது என்றார்கள். அது எங்களுக்கான போராட்டம் அல்ல. எங்களுக்கு எதிரானது என்றும் சொல்லிவிட முடியாது. ஊர்க்காரர்களும் பிள்ளைகளைப் படிக்க வைக்கத்தான் கேட்டார்கள். ஆனாலும் ஊர் கொதிக்கும்போது முதலில் பற்றுவது எங்கள் கூரையாக இருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பெண்கள் குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கூரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

மரம் சாய்ந்ததற்கு மறுநாள் காலையில் அம்மா கொல்லைப்புறம் போனவள் ஓடிவந்தாள். அக்கா பூவரச மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். வாயில் முந்தானையைச் சுருட்டித் திணித்திருந்தாள். காலெல்லாம் ஈரம்.

எங்கள் தெருவில் பிரசவம் பார்க்கிற அத்தை ஒருத்தி உண்டு. நாற்பது வயது இருக்கும். பிரசவம் இல்லாத நாளில் எல்லோரோடும் களை எடுப்பாள். ஜெபவீட்டுப் பக்கம் வர மாட்டாள். என்னைக் 'குட்டி ஐயரே' என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் கடிகாரம் கிடையாது. குரலை வைத்துத்தான் நேரம் பார்ப்பாள். ஆரம்ப வலியில் கத்தல் மேலே கீச்சென்று போகுமாம். பிறகு நெஞ்சுக்கு இறங்குமாம். கடைசியில் அடிவயிற்றிலிருந்து மாடு செருமுகிற மாதிரி வருமாம். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டே, "இன்னும் நேரம் இருக்குது", "தண்ணி காய வையி", "இப்ப நான் உள்ள போவணும்" என்று சொல்லிவிடுவாள். தப்பினது இல்லை என்று தெருவில் சொல்வார்கள்.

அக்காவிடமிருந்து அவள் காதுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு முகம் மாறியிருந்தது.

"எப்பலேர்ந்துடி வலி?"

அக்கா முந்தானையைக் கடித்தாள்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? எப்பலேர்ந்து?"

"நேத்து வெடிஞ்சதுலேர்ந்து."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்து காத்தால எட்டு மணி பஸ்ஸு போச்சேடி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா அதுல ஏத்திக்கினு போயிருப்பனே. தண்ணி ஒடஞ்சி எம்மா நேரம் ஆச்சோ தெரியல. தல எறங்கவே இல்ல. இவளுக்குத் தெம்பும் கம்மியாயிகினே வருது." அம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். இங்க வச்சிகினு இருந்தா ரெண்டுல ஒண்ணுதான் தங்கும். ரெண்டும் தங்காமயும் போவும்."

"ஏன்டி சொல்லல?" என்று அம்மா அழுதாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நான் சரியாகத்தானே செய்கிறேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா முன்னால், அத்தை முன்னால், என் பிரசங்கம்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டது என்று ஒத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டி பார்க்கிறேன் என்று வெளியே ஓடினேன்.

வண்டி எங்கே கிடைக்கும்? மாட்டு வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஊருக்குள் இருந்தார்கள். ரோட்டில் மரம் கிடக்கும்போது வண்டி போகாது. கச்சிராயபாளையத்து நர்ஸம்மா சொந்த ஊருக்குப் போனவர், பஸ் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது ஜெபவீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குக்கிராமம். கடுக்காய் விற்க இறங்கி வந்தவர்கள், வாங்கிய உப்பு மூட்டையோடு ஜீப்புக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரோடு இல்லை, ரோடு இல்லை என்று புலம்புவதைப் பார்த்து அண்ணன்காரர் எழுந்தார்.

"எங்க பக்கம் ரோடு எப்ப இருந்துது, இப்ப இல்லன்னு அழறதுக்கு? ஒரு மூங்கிலும் கெட்டியான போர்வையும் குடு தம்பி."

போர்வையின் இரண்டு முனைகளையும் மூங்கிலில் கட்டித் தூளி மாதிரி ஒன்று செய்தார்கள். மலையில் நோயாளியைக் கீழே கொண்டுவருவது அப்படித்தானாம். அக்காவை அதில் படுக்க வைத்தோம். முன்னால் அண்ணன், பின்னால் தம்பி. நான் கை மாற்ற. அம்மாவும் அத்தையும் ஓட்டமும் நடையுமாகக் கூடவே வந்தார்கள். வாய்க்கால் கரையில் போனோம். நாங்கள் வழுக்கினோம், மலைக்காரர்கள் வழுக்கவில்லை. என் தோளுக்கு மூங்கில் வந்தபோதுதான் அவள் வலியை நான் முதன்முதலில் உணர்ந்தேன். சத்தம் இல்லை. ஆனால் வலி வரும்போதெல்லாம் மூங்கில் நடுங்கியது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் போர்வைக்குள் பல் நெறிபடுவது கேட்டது. ஒரு நாளும் ஒரு ராத்திரியும் இதை அவள் நின்றுகொண்டும், பாத்திரம் தேய்த்துக்கொண்டும், எனக்குச் சோறு போட்டுக்கொண்டும் தாங்கியிருக்கிறாள். முந்தின நாள் ராத்திரி, "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாடா?" என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது. பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டுத்தான் கேட்டாள். நான் சாப்பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை முடிந்து ரோட்டில் ஏறிய இடத்தில் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. வேரடியில் கோடாலி விழுந்த வெட்டு இன்னும் சிவப்பாக இருந்தது. கிளைகள் ரோட்டோரத்தில் சரிந்து, இலை வாடாமல், பச்சைக் குடிசை மாதிரி நின்றன. மரத்துக்கு முன்னால் கயிறு கட்டிக் கொடி தொங்கவிட்டிருந்தார்கள். இருபது இருபத்தைந்து பையன்கள். எல்லோர் தலையிலும் முண்டாசு. அவர்களோடு துண்டு போட்ட ஒரு பெரியவர்.

ஒரு பையன் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான். "யாரு நீங்க? எந்தத் தெரு?"

அத்தைதான் முன்னால் வந்தாள். "பொறக்கப் போறது எந்தத் தெருன்னு இன்னும் சொல்லலப்பா. வெளிய வந்தப்பால நீயே கேட்டுக்க."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கேட்டவன் சிரிக்கவில்லை. "ஒருத்தர வுட்டா ஒவ்வொருத்தரா வருவாங்க" என்றான். அதற்குள் பெரியவர் வந்து போர்வையை எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம கொல்லையில கரும்பு கட்டற பொண்ணாச்சேடா! ஆம்பளைங்க ரெண்டு பேரு தூக்கற கட்ட ஒத்தையில தூக்கும்." பையனைப் பார்த்து, "கயித்த அவுருடா" என்றார். எங்களிடம், "மரத்த நவுத்த முடியாதுங்க. மேல ஏத்தித்தான் தாண்டணும். புடிங்கடா பசங்களா" என்றார்.

ஐந்தாறு பேர் வந்து கை கொடுத்தார்கள். மரத்தின் மேல் ஏற்றும்போது மூங்கில் செங்குத்தாகச் சாய்ந்தது. அக்கா உட்கார்ந்த வாக்கில் சரிந்து, என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் விரல் நகம் நீலம் பாரித்து, பிறகு ஒரு மாதத்தில் விழுந்துபோனது. அத்தை போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"எறக்கு, எறக்கு! தல எறங்கிடுச்சி. இனிமே ஆஸ்பத்திரி இல்ல, இதுதான் ஆஸ்பத்திரி."

சாய்ந்த கிளைகளுக்குள் அவளைக் கொண்டுபோனார்கள். அம்மாவும் அத்தையும் உள்ளே. நாங்கள் எல்லோரும் வெளியே. பெரியவர் துண்டை உதறினார்.

"புள்ளத்தாச்சி வலியில இருக்கற எடத்துல முடிச்சு இருக்கக் கூடாது. எல்லாத்தையும் அவுருங்கடா."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிரசவம் இழுத்துக்கொண்டிருந்தால் வீட்டில் பெட்டியைத் திறப்பார்கள், மாட்டுக் கயிற்றை அவிழ்ப்பார்கள், கூந்தலைக் கலைப்பார்கள். அங்கே பையன்கள் முண்டாசை அவிழ்த்தார்கள். கொடிக் கயிற்றைச் சுருட்டித் தூரப் போட்டார்கள். மலைக்கார அண்ணன் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். தம்பி மூங்கிலில் இருந்த போர்வை முடிச்சைப் பிரித்தார்.

"வேட்டி முடிச்சுமா பெரியப்பா?"

"அத அவுத்து மானத்த வாங்காதடா. திரும்பி நில்லுங்க எல்லாரும், மலையப் பாத்து."

அவ்வளவு பேரும் கல்வராயனைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். முதலில் தெரு கேட்ட பையனும் நின்றான். என்னிடம் அவிழ்க்க முடிச்சு ஒன்றும் இருக்கவில்லை. படித்தவன் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. சும்மா நின்றேன்.

உள்ளே அத்தையின் குரல் மட்டும் கேட்டது. முதலில் கெஞ்சல், பிறகு கோபம். "ஊரே அவுத்துட்டு நிக்குது, இவ மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறா. கத்துடி! நீ கத்துனாத்தான்டி எனக்குத் தெரியும், இது முக்கற வலியா சும்மா வலியான்னு. மூச்ச அடக்கிகினா புள்ள எப்டிடி வரும்? அதுக்கும் மூச்சு வாணாமா?" சற்று நேரம் கழித்து அம்மாவிடம், "கண்ணு மேல போவுதுக்கா. புடிச்சிக்க. யாருகிட்டடி இன்னா சத்தியம் பண்ணிகினு வந்த நீ?"

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கிளைப்பக்கம் போனேன். "ஆம்பளைக்கு இங்க இன்னா வேல?" என்று பெரியவர் தடுத்தார். இலைக்கு வெளியே நின்றபடியே கத்தினேன்.

"அக்கா! நான் சொன்னது தப்புக்கா!"

கிளையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கத்தினேன்.

"கத்தக் கூடாதுன்னு வேதத்துல இல்லக்கா. அது நானா சேத்துச் சொன்னது. சத்தியமா நானா சேத்தது!"

இருபத்தைந்து ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம் என்ற ஒன்று அப்போது இல்லை. தீர்க்கதரிசி ஒருவர் எழுதிய ஓர் இடம் எனக்கு நினைவு வந்தது. வகுப்பில் அதை வேகமாகக் கடந்துபோயிருந்தோம். வெகுகாலம் மௌனமாக இருந்த கடவுள், இனிப் பிள்ளை பெறுகிறவளைப் போலச் சத்தமிடுவேன், மூச்சு வாங்குவேன் என்று சொல்கிற இடம்.

"ஆண்டவரே புள்ள பெக்கறவ மாதிரி கத்துவேன்னு சொல்லியிருக்காருக்கா! சிலுவையிலயும் வாய மூடிகினு சாவல, சத்தம் போட்டுத்தான் உசுர வுட்டாரு. நீ கத்துக்கா! உன் ரெண்டு புள்ளையும் நீ கத்துனதால போவல!"

இலைகளுக்குள் அத்தையின் அதட்டல் நின்றது. பிறகு அக்காவின் குரல், ரொம்பச் சின்னதாக. "நெஜமாடா?"

"நெஜம்க்கா."

"அந்த நோட்டுல இருக்குதா?"

"நோட்டுல இல்ல. வேதத்துலயே இருக்குது."

"அட நாசமாப் போறவனே" என்றாள் அக்கா. "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" கடைசி வார்த்தை முடியவில்லை. அதுவே கத்தலாக மாறியது.

அந்தக் கத்தலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை நாள் அடக்கி வைத்தது மட்டும் அல்ல அது; நான்கு வருஷத்து அழுகை அதில் இருந்தது. முன்னால் போன இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ரோட்டோர வேப்ப மரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. மலைக்கார அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "அப்டித்தான்டி என் ராசாத்தி!" என்று அத்தை உள்ளே கூவினாள். "இது கீழ எறங்கற சத்தம். இன்னும் ஒண்ணு. இப்ப முக்கு!"

மூன்று கத்தல். மூன்றாவது முடிவதற்குள் இன்னொரு குரல், கீச்சென்று, கோபமாக. ஒரு பையன் விசில் அடித்தான். பெரியவர் அவன் மண்டையில் தட்டிவிட்டு, தன் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு" என்று அம்மா சொன்னாள். "அழுவுது, பாருங்கடா, அழுவுது."

அதன் பிறகு அரை மணி நேரம் மறுபடியும் பயம். ரத்தம் நிற்கவில்லை. அத்தை வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். குழந்தையை மார்பில் போட்டுக் குடிக்க வைத்தாள். மெல்ல நின்றது. தெரு கேட்ட பையன் எங்கிருந்தோ இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து, இலைக்கு வெளியே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனான். நாங்கள் தூளியைக் கட்டிக்கொண்டு திரும்பியபோது கொடிக் கயிறு மறுபடி ஏறியிருந்தது. அந்த வாரம் முழுக்க மரம் அங்கேயேதான் கிடந்தது.

பள்ளியில் பிறகு இதைச் சொன்னபோது, "மாட்டுத் தொழுவம் மாதிரி இருந்திருக்கும் இல்ல?" என்று ஒரு நண்பன் கேட்டான். தொழுவத்துக்குக் கூரையாவது இருந்தது என்று சொன்னேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஆண்டவரைப் பெற்ற தாயை நாம் படத்தில் எப்படி வைத்திருக்கிறோம்? நீலத் துணி, சுத்தமான முகம், மூடிய வாய். வைக்கோலில் ரத்தம் இல்லை. அவளும் கத்தியிருப்பாள். வீட்டை விட்டு வந்த இடத்தில், அம்மா பக்கத்தில் இல்லாமல், வழிப்போக்கர் கேட்கக் கத்தியிருப்பாள். மாம்சமாக வந்தவர் இந்த உலகத்தில் முதலில் கேட்ட மனுஷக் குரல் அந்தக் கத்தலாகத்தான் இருக்க வேண்டும். அது அவருடைய காதுக்குப் பரிசுத்தக் குறைவாகப் பட்டிருக்காது. சாவதற்கு முந்தின ராத்திரி சீஷர்களுக்குத் வரப்போகும் பாடுகளைச் சொல்ல அவர் தேடிப் பிடித்த உவமையே பிரசவ வலிதானே. போர்க்களத்தை அவர் சொல்லவில்லை. ராஜாக்களைச் சொல்லவில்லை. தன் நேரம் வந்துவிட்டது என்று துக்கப்பட்டு, பிள்ளை முகம் பார்த்ததும் மகிழ்கிற ஒரு பெண்ணைச் சொன்னார். இதையெல்லாம் நான் அக்காவின் பிரசவத்துக்கு முன்பே படித்திருந்தேன். பரீட்சையும் எழுதியிருந்தேன்.

நாற்பதாம் நாள் தாயும் பிள்ளையும் ஜெபவீட்டுக்கு வந்து நன்றி சொல்வது எங்கள் சபை வழக்கம். ஐயர் முட்டி தேவலையாகி வந்திருந்தார். மாமா புது வேட்டியோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஐயரிடம் கேட்டுக்கொண்டு எழுந்து நின்று, அன்று பெண்கள் கூட்டத்தில் நான் பேசியது தவறு என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். தவறான வரி எது என்றும் சொன்னேன். ஆண்கள் பக்கத்திலிருந்து சபை மூப்பர் ஒருவர் எழுந்தார். குத்தகைக்கு ஒரு துண்டுக் கொல்லை வைத்திருந்தவர். நல்ல மனுஷர், ஆனால் எதையும் விட மாட்டார்.

"தம்பி, கத்தலாம்னு சொல்ற, சரி. ஆனா வேதன தீர்ப்புன்னுதானே எழுதியிருக்குது? நாளைக்கு ஊசி போட்டு வலிய கம்மி பண்றாங்கன்னு வெச்சிக்க. அது ஆண்டவரு தீர்ப்ப அழிக்கறதில்லையா?"

நான் வேதத்தைப் புரட்டினேன். நோட்டில் தேடினால் கிடைக்கிற பதில் அல்ல அது. அக்கா தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜெபவீட்டில் பேசி யாரும் கேட்டதில்லை.

"மூப்பரே" என்றாள். "அதே எடத்துல ஆம்பளைக்கும் ஒண்ணு சொன்னாருன்னு தம்பி படிச்சுக் காட்டனான். நெலத்துல முள்ளு மொளைக்கும், வேர்வ சிந்தித்தான் சோறுன்னு."

"ஆமா."

"அந்த முள்ள வெட்டத்தானே உங்க கொல்லைக்கு என்னைக் கூப்புட்டுக்கினு போறீங்க? ஆண்டவரு மொளைக்கும்னு சொன்னத வெட்டறமேன்னு ஒரு நாளும் நீங்க சொல்லலியே. சீக்கிரம் வெட்டுன்னுதானே சொன்னீங்க?"

பெண்கள் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு எல்லோரும். மூப்பரும் கடைசியில் சிரித்துவிட்டார். "அப்டிப் பாத்தா சரிதான்" என்று உட்கார்ந்தார். இரண்டு வருஷம் படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. களைக்கொட்டைப் பிடித்த கைக்குத் தோன்றியது.

ஐயர் நன்றி ஜெபத்துக்காகப் புத்தகத்தை விரித்தவர், என்ன நினைத்தாரோ, மூடி வைத்தார். "நீயே ஜெபம் பண்ணும்மா" என்றார். அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கு இந்த முறை சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, என் மொதல் ரெண்டும் உங்கிட்ட இருக்குது. அதுங்க போனதுக்கு நான் காரணம் இல்லன்னு இப்ப எனக்குத் தெரியும். அதுங்கள நல்லாப் பாத்துக்க. பெரியவன் அழவே இல்ல, அவனை ஒருவாட்டி அழவுட்டுத் தூக்கிக்க. இத எங்கிட்ட வுடு, நான் பாத்துக்கறன். ஆமென்."

பெண்கள் பக்கமிருந்து ஆமென் வருவதற்குச் சற்று நேரம் பிடித்தது. அவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள், சத்தமாகவே.